வெள்ளைத் தாளில் கட்டிய பாபா

நேப்பிள்ஸில் ஞாயிறு மதிய விருந்துக்கு வெறுங்கையோடு போகிறவரை யாரும் திட்டுவதில்லை. மறுபடி கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள். அதனால் ஞாயிறு காலையில் ஊரில் பாதிப் பேர் விரலில் ஒரு இனிப்புப் பொட்டலத்தைத் தொங்கவிட்டபடி நடப்பார்கள். தாளைப் பார்த்தே எந்தக் கடை என்று தெரிந்துவிடும். தெரியத்தான் வேண்டும்.

நுன்சியாத்தா அந்தப் பொட்டலங்களை இருபத்தாறு வருடமாகக் கட்டுகிறவள். கத்தெல்லோ கடையில் நீலத்தாள், தங்க நாடா. எதிர்க்கடையின் பச்சைத்தாளோடு யாராவது உள்ளே நுழைந்தால் அவளுக்குக் காது கேட்காது.

அந்த ஞாயிறு முதலாளி கத்தெல்லோ முதல்முறையாக அவளை வீட்டு விருந்துக்கு அழைத்திருந்தார். அவருக்கு முழங்கால் போய்விட்டது. கடையை இனி யார் நடத்துவது என்று சாப்பாட்டு மேசையில் சொல்லப்போகிறார். ஒன்று அவள், இல்லையென்றால் அவருடைய அண்ணன் மகன் ருஜ்ஜேரோ. கல்லாவில் உட்கார்ந்து கைப்பேசி பார்ப்பது அவன் வேலை.

எதைக் கொண்டுபோவது? பச்சைத்தாள் என்றால் துரோகம். நீலத்தாள் என்றால் முதலாளியின் சரக்கை முதலாளிக்கே ஓசியில் கொண்டுவந்தவள் என்பார்கள். கடைசியில் தன் கடையிலேயே பன்னிரண்டு பாபா எடுத்தாள். ரம்மில் ஊறிய அந்தக் குட்டிக் கேக் என்றால் முதலாளிக்கு உயிர். ருஜ்ஜேரோவிடம் முழு விலையும் கொடுத்துவிட்டு, வெறும் வெள்ளைத் தாளில் கட்டினாள். இது நேர்மையா, வீம்பா? முதலாளி வீட்டுக்கு நான்கு மாடி ஏறும்போதும் அதையே கேட்டுக்கொண்டு போனாள்.

இறைச்சி முடிந்து பொட்டலம் மேசைக்கு வந்தது. வெள்ளைத் தாளைக் கண்டதும் கத்தெல்லோவின் முகம் கறுத்தது. பெயரை மறைத்துக் கொண்டுவர வேண்டிய கடை அவருக்குத் தெரிந்து ஒன்றுதான், எதிர்க்கடை. ஒரு பாபாவைக் கடித்தார். முகம் தெளிந்தது.

"ரம்முல ஊற வெக்கச் சொன்னா தண்ணில குளிப்பாட்டியிருக்கான்" என்றார்.

ரம்மில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கச் சொன்னவர் அவரேதான், போன வருடம். வேண்டாம் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள்.

"அந்தக் கடையில எப்பவும் இப்படித்தான் சித்தப்பா" என்றான் ருஜ்ஜேரோ, அவளைப் பார்க்காமல்.

கத்தெல்லோ இரண்டாவதை எடுத்தார். "இதையெல்லாம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு விக்கிறாங்க?"

"இந்த மூஞ்சிதான், மொதலாளி" என்று தன் முகத்தைத் தொட்டுக் காட்டினாள் நுன்சியாத்தா. "காலைல நம்ம கடையில எடுத்தது. காசு வாங்கிப் போட்டது ருஜ்ஜேரோ தம்பிதான்."

முதலாளியின் மனைவி மட்டும் சிரித்தாள். கத்தெல்லோ வெகுநேரம் மென்றார். பிறகு, நிதானமாக மென்றால் இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். கடையைப் பற்றி வாய் திறக்கவில்லை. காப்பி குடித்ததும் அவள் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை கடைச் சாவியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"ரம் உன் இஷ்டம். கல்லாவுக்கு வேற ஆளப் பாரு" என்றார். வாசல்வரை போய்த் திரும்பினார். "ஆனா, அந்த வெள்ளத்தாளு இனி கடைக்குள்ள வரக்கூடாது."