மூன்றாவது அணியில் அப்பாவின் பெயர்

ஒரு பிள்ளை இரண்டு அணிகளுக்கு மேல் ஆடக்கூடாது என்று போட்டி நடத்துகிறவர்கள் ஒரு தாளில் அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். அதுவும் போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது. அவர்களுக்கென்ன, அனுப்பிவிட்டு நிம்மதியாக டீ குடித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாள் வந்த புதன்கிழமையிலிருந்து ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. துபாயில் சியர்லீடிங் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மதுரையில் இதைச் சொன்னால், கிரிக்கெட் மைதானத்தில் ஜிகினாக் குஞ்சத்தை ஆட்டுவார்களே, அதுவா என்று கேட்டு மானத்தை வாங்குவார்கள். அது இல்லை, அது இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலித்துவிட்டது. இது குட்டிக்கரணமும் ஆட்டமும் ஆள்மேல் ஆள் ஏறி நிற்பதும் சேர்ந்த போட்டி. மூன்று பேர் கீழே நின்று ஒருத்தியைத் தூக்கிப் பிடிப்பார்கள். அவள் உச்சியில் ஒற்றைக்காலில் நின்று சிரிக்க வேண்டும். விழுந்தாலும் சிரித்துக்கொண்டே விழ வேண்டும்.

நான் சேர்ந்தது ஒரே ஓர் அணியில்தான். ஆனால் வளைகுடாவில் எந்த அணி ஆறு மாதம் முழுசாக இருந்திருக்கிறது? ஒரு அப்பாவுக்கு வேலை போனால் அடுத்த மாதமே குடும்பம் மூட்டை கட்டிவிடும். இரண்டாவது அணியிலிருந்த மலையாளிப் பெண் கொச்சிக்குப் போனாள். அந்த இடத்தில் என்னை நிறுத்தினார்கள். மூன்றாவது அணியில் உச்சியில் நின்ற எகிப்துப் பெண்ணின் அப்பாவை ரியாத்துக்கு மாற்றினார்கள். எங்கள் கோச் பிலிப்பைன்ஸ்காரர். என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். நான் இருபத்தாறு கிலோ. "யல்லா, நீ வா" என்றார். ஒன்று மூன்றான கதை இவ்வளவுதான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மதுரைக்குப் போன் போட்டு, "எம்பொண்ணு மூணு டீம்ல இருக்கா" என்று பெரியம்மாவிலிருந்து பால்காரர்வரை எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தார்.

இப்போது அந்த மூன்றில் ஒன்றை விட வேண்டும். என்னைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். முதல் இரண்டு அணிகளில் நான் பின்வரிசையில் நின்று யாருடைய குதிகாலையாவது தாங்கிக்கொண்டிருப்பேன். மூன்றாவதில்தான் நான் உச்சி. அங்கே கையை விரித்து நிற்கும் மூன்று நொடிக்காகத்தான் நான் வாரம் முழுக்கக் கன்றிய முழங்காலோடு அலைந்தேன். ஆனால் பிள்ளையைக் கேட்டு முடிவெடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் ஏது?

"மொத டீம விட முடியாது. கீழ்வீட்டு ஆன்ட்டி பொண்ணு அதுலதான் இருக்கா. அவங்க கார்லதான பிராக்டிஸுக்குப் போற? நாளைக்கு நடந்து போறியா?" என்றார் அம்மா. "ரெண்டாவது டீம விடவே முடியாது. அப்பாவோட மேனேஜர் பொண்ணு அதுல இருக்கா. விட்டுட்டு வந்தா உங்கப்பா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு டூட்டிக்குப் போவாரு?"

ஆக, என் அணிதான் பலி. நான் பாய்ந்து போய்க் கட்டிலில் விழுந்து, எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் அழுது பார்த்தேன்.

அப்பாவிடம் போய் முறையிடலாம் என்றால் அவர் கையில் அகப்பட வேண்டுமே. அவர் ஜெபல் அலி துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் இருந்தார். அவர் வீட்டுக்கு வந்தாலும் ஜெபல் அலி கூடவே வந்துவிடும். அவரிடம் மூன்று போன்கள். ஒன்று அவருடையது. இன்னொன்று, லீவுக்குப் போய்த் திரும்பி வராத லாரிப் பிரிவுக்காரருடையது. மூன்றாவது, வேலையை விட்டு நிறுத்தப்பட்ட கஸ்டம்ஸ் பேப்பர் பார்த்தவருடையது. அவர்களுடைய வேலையும் போனோடு சேர்ந்து வந்திருந்தது. சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி மூன்றையும் வைத்துக்கொள்வார். ஒன்று மாற்றி ஒன்று அடிக்கும். பள்ளிக்கூடத்தில் நான் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். மற்றவர்களுடைய அப்பாக்களுக்கு ஒரு போன், மிஞ்சிப் போனால் இரண்டு.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா திடீரென்று "அடியே!" என்று கத்தினார். கோச் வாட்ஸ்அப்பில் பெயர்ப் பட்டியலை அனுப்பியிருந்தார். முதல் இரண்டு அணிகளில் என் பெயர் முழுசாக இருந்தது. மூன்றாவதில் என் பெயரையே காணோம். அப்பாவின் பெயர் மட்டும் இருந்தது. நமக்குத்தான் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாதே. அப்பா பெயரைத்தான் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் போட்டு நிரப்புவோம். யாரோ அதையே என் பெயர் என்று எடுத்துப் பதிந்துவிட்டார்கள். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை மூன்றாவது அணியில் இருப்பது வேறு யாரோ ஒரு பெண்.

"நாம ஒண்ணும் பொய் சொல்லலையே. அவங்களா ஒன்ன ரெண்டு பேராக்கிட்டாங்க. சாமியாப் பாத்துக் குடுத்திருக்கு. வாய மூடிக்கிட்டு இரு" என்றார் அம்மா. கோச்சும் பார்த்தும் பாராதது போல இருந்துவிட்டார். உச்சிக்கு அவருக்கு ஆள் வேண்டாமா?

போட்டி அன்று மேஜையில் பெயர் கூப்பிட்டு ஆள் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டு, அம்மா எனக்குச் சமையலறையிலேயே ஒத்திகை வைத்தார். அதிலும் ஒரு கொடுமை. அம்மா கல்யாணமான நாளிலிருந்து அப்பா பெயரை வாயால் சொன்னதில்லை. துபாய்க்கு வந்து பன்னிரண்டு வருஷமாகியும் சொல்லவில்லை. "மேஜையில இருக்கற அம்மா பேரு சொல்லும். நீ கையத் தூக்கி யெஸ்னு சொல்லணும்" என்பார். எந்தப் பெயர் என்று கேட்டால், "அதான்டி, உங்கப்பா பேரு" என்பார். கடைசியில் நானே அப்பா பெயரைக் கூப்பிட்டு நானே யெஸ் சொல்லிப் பழகினேன். அப்பாவிடமும் விஷயத்தைச் சொன்னோம். இரண்டு போன்களுக்கு நடுவே "சரி, சரி" என்றார்.

சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூட அரங்கில் போட்டி. முதல் அணி ஆடி முடித்தது. இரண்டாவதும் முடித்தது. மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார். அப்பா அவருக்கு முன்வரிசையில், பெயர் பார்க்கும் மேஜைக்குப் பக்கத்தில், வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். முதல் அணியில் ஆடும்போதே அதைப் பார்த்துவிட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நான் அங்கே ஒருத்தி குதிகாலைத் தாங்கிச் சாகிறேன், இவருக்குத் தூக்கம் கேட்கிறது.

மூன்றாவது அணிக்காகப் பெண்கள் கழிவறையில் உடை மாற்றிக்கொண்டிருந்தேன். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அம்மா இழுக்கிறார், நகரவே இல்லை. அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் அப்பாவின் பெயர் கேட்டது. இன்னும் வந்து சேராத பிள்ளை உடனே மேஜைக்கு வரவும் என்றார்கள். திறந்த ஜிப்போடு நான் ஓட, பின்னாலேயே அம்மாவும் ஓடிவந்தார். நாங்கள் வாசலை எட்டும்போது இரண்டாம் முறை கூப்பிட்டார்கள்.

அப்பா விருட்டென்று எழுந்தார். கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. "யெஸ் சார்! காடி கேட் பே ஆ கயா சார்! பாஞ்ச் மினிட் சார்!" என்று அரங்கமே அதிரக் கத்தினார். லாரி கேட்டுக்கு வந்துவிட்டதாம், ஐந்து நிமிடம் போதுமாம். மடியிலிருந்த மூன்று போன்களும் தரையில் உருண்டன. அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"என்னங்க! என்னங்க!" என்று அம்மா வாசலிலிருந்து கத்தினார். அந்தக் கூட்டத்தில் "என்னங்க" யார் காதில் விழும்? பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். அந்த நேரத்திலும் அம்மாவுக்கு வாய் வரவில்லை.

அப்பா போன்களைப் பொறுக்கிக்கொண்டு மேஜைக்குப் போனார். ஒரு சிறுமியைக் கூப்பிட்டால் மீசைக்காரர் ஒருவர் வந்து நிற்கிறாரே என்று மேஜையிலிருந்த அம்மாள் விழித்தார். அப்பா ரொம்பப் பணிவாக, அது என் பெயர் மேடம், ஆடுவது என் மகள், அவள் பெயர் இது, ஏற்கெனவே இரண்டு அணிகளில் ஆடிவிட்டாள், இதுவும் ஆடுவாள், நல்ல திறமைசாலி என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார். அதுவும் எவ்வளவு பெருமையாக! கலாஸ். எல்லாம் முடிந்தது.

மூன்றாவது அணி நான் இல்லாமல் ஆடியது. மூன்று பெண்கள் நடுவில் வந்து, தூக்க ஆளில்லாமல், வெறுங்கையை மேலே நீட்டிக்கொண்டு நின்றார்கள். நான் ஓரத்தில் நின்று பார்த்தேன். கடைசி இடம். அதற்கப்புறம் அந்தப் பெண்கள் என்னோடு பேசவில்லை.

வெளியே வரும்போது மேனேஜர் அப்பாவின் தோளில் தட்டினார். லீவு நாளிலும் லாரி நினைப்புத்தானா, உன்னை மாதிரி ஆள் கிடைக்காது என்று சிரித்தார். ஸ்டோர்காரரும் ஊருக்குப் போகிறாராம், திங்கள்கிழமையிலிருந்து அந்தப் போனையும் அப்பாவே வைத்துக்கொள்ள வேண்டுமாம். அப்பா "ஓகே சார்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அணியைக் கெடுத்துவிட்டு இவர் போன் வாங்குகிறார்!

காரில் ஏறியதும் ஆரம்பித்தேன். "உங்களாலதான்! தூங்காம இருக்க முடியாதா? ஒரே ஒரு நாள்!" அம்மா அடக்கவில்லை, அவருக்கும் அதே கோபம். அப்பா ரோட்டைப் பார்த்து ஓட்டினார். ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது, முன்னால் கிடந்த அந்த விதித்தாளை எடுத்தார். அத்தனை நாளில் அவர் அதைப் படித்தது அப்போதுதான்.

"ஒரு ஆளுக்கு ரெண்டுக்கு மேல கூடாதாம். அதுக்கு மேல போனா ஒடம்பு தாங்காதுன்னு போட்டிருக்கான்" என்றார். பச்சை விழுந்தது, பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான், அப்பா தாளை என்னிடம் நீட்டினார். "பாப்பா, இந்த ரூல் போட்டவங்க நம்பர் அதுல இருக்கா பாரு."

அம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவர் அப்பாவைத் திட்டவில்லை.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. அப்பா எனக்காக அவர்களிடம் பேசப்போகிறார்! வேறு யாருக்காகக் கேட்பார்? தாளின் அடியில் இருந்த நம்பரைத் தவறில்லாமல் மூன்று போன்களிலும் பதிந்து வைத்தேன்.

அடுத்த வாரம் முழுக்க, "பேசிட்டீங்களா, பேசிட்டீங்களா" என்று அவரை அரித்தெடுத்தேன். நான்காவது போனைக் காதில் வைத்தபடி, இரு, இரு என்று கையைக் காட்டினார்.