ஒலி இல்லாத படகுகள்

ஊட்டி காந்தலில் ஆரிஃபாவின் வீட்டு முன்னறையில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. அதன் அடித்தட்டில் பகலிலும் ஒரு நாற்பது வாட் பல்பு எரிந்துகொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள், "அக்கா, உள்ள லைட்டு எரியுது" என்று சொல்லாமல் போனதில்லை. கேமரா இருந்த காலத்தில், அணைத்தால் மலை ஈரத்துக்கு ஒரே மாதத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். இப்போது அலமாரியில் கேமரா இல்லை, கேசட் இல்லை. நான்கு ஹார்ட் டிஸ்க்குகளும் குளிர்காலச் சட்டைகளும்தான். பல்பு மட்டும் பழக்கத்தில் எரிகிறது.

அவள் கணவர் நூர் அகமது இருபத்தைந்து வருடம் கல்யாண வீடியோ எடுத்தவர். ஊட்டி, குன்னூர், அருவங்காடு குவார்ட்டர்ஸ் என்று எங்கே மேளம் கொட்டினாலும் தோளில் கேமராவோடு நிற்பார். எடுப்பது அவர், வெட்டி ஒட்டுவது ஆரிஃபா. கல்யாணமாகி வந்த புதிதில் இரண்டு வி.சி.ஆர்.களை வயரால் இணைத்து வேலை பார்த்தாள். அடுப்பில் குக்கர் சத்தம் போட்டால் தாலி கட்டுவதை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து ஓடியிருக்கிறாள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. எடிட்டிங் மென்பொருளில் ஒவ்வொரு காட்சித் துண்டுக்கும் கீழே டேக், அதாவது அடையாளப் பெயர், எழுத ஒரு கட்டம் இருந்ததைப் பார்த்ததும், மளிகை டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டுகிறவளுக்கு அது சட்டென்று பிடித்துப்போனது. அழுகை, பந்தி, தூங்கும் குழந்தை, சண்டை, படகு. கடைசியாக ஒன்று: வேண்டாம். வாய் நிறைய சோற்றோடு திரும்பிய மாமாக்கள், குறுக்கே நடந்தவர்கள், பனிமூட்டம் விழுந்து வெறும் வெள்ளையாகிப் போன காட்சிகள் எல்லாம் அதில் அடக்கம்.

சென்ற ஏப்ரலில் ஒரு முற்பகல், தீபலட்சுமி என்ற பெண் வந்தாள். இருபத்துநான்கு வயது இருக்கும். கோயம்புத்தூரில் நர்ஸ். அடுத்த மாதம் கல்யாணமாம்.

"வீடியோ எடுக்கிறத விட்டுட்டோமேம்மா" என்றாள் ஆரிஃபா.

"அதுக்கில்லீங்க்கா. எங்கப்பா நாச்சிமுத்து. பைக்காராவுல போட் ஓட்டிட்டு இருந்தாருங்க. கல்யாண ஜோடிங்கள எல்லாம் அங்கதான கூட்டிட்டு வருவீங்க? எதுலயாச்சும் அவரு பேசியிருப்பாருங்களா?"

அவளுக்கு ஒன்பது வயதில் அப்பா இறந்துவிட்டார். அப்போது வீட்டில் யாரிடமும் கேமரா போன் இல்லை. "முகம் போட்டோல இருக்குதுங்க. குரல்தான் மறந்துபோச்சு. எப்படி யோசிச்சாலும் வரமாட்டேங்குது. அவரு என்னைக் கூப்பிட்டத ஒரே ஒருக்கா கேட்டுட்டுக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு பாத்தேன்."

ஆரிஃபா 'படகு' என்று தட்டினாள். இருநூற்றுச் சொச்சம் துண்டுகள் வந்தன. அவற்றில் முப்பத்தொன்றில் நாச்சிமுத்து இருந்தார். காக்கி ஸ்வெட்டர், குரங்குத் தொப்பி. ஜோடிகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருக்க, அவர்களுக்குப் பின்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"சவுண்டு வைங்க்கா."

ஆரிஃபாவின் கை மவுஸ் மேலேயே நின்றது. ஒலி கிடையாது. முப்பத்தொன்றிலும் கிடையாது.

காரணம் ஒரு ஸ்கூட்டர். முன்பொரு கல்யாணத்தில், ஜோடியை வெளியே கூட்டிப்போய் எடுத்த அவுட்டோர் காட்சியில், பாட்டுக்கு அடியில் மாப்பிள்ளை முனகியது அழியாமல் போய்விட்டது: "உங்கப்பா ஸ்கூட்டர்னு சொல்லிட்டு இப்ப சைக்கிள் மாதிரி ஒண்ணக் காட்டுறாரு." இரண்டு வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து கேசட் போட்டுப் பார்த்த நாளில் அது கேட்டது. மறுநாள் இந்த முன்னறையில் பன்னிரண்டு பேர் நின்று கத்தினார்கள். அன்றிலிருந்து அவுட்டோர் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதே ஒலியை எடுத்துவிடுவாள் ஆரிஃபா. எப்படியும் மேலே பாட்டு வரப்போகிறது. ஏற்றி முடித்த கேசட்டில் அடுத்த கல்யாணத்தைப் பதிந்துவிடுவார் நூர் அகமது.

இதைச் சொல்லி முடிக்க அவளுக்குச் சிரமமாக இருந்தது. தீபலட்சுமி, "பரவால்லீங்க்கா" என்றாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. திரையில் அப்பா வாயசைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த நூர் அகமது எட்டிப் பார்த்தார். "நாச்சிமுத்து பொண்ணா நீ? அடேயப்பா! ஒருக்கா அவரோட மூட்டத்துல மாட்டிக்கிட்டோம்மா. கரையே தெரியல. பொண்ணு அழுவுது, மாப்பிள்ளை அதவிட அழுவுறான். உங்கப்பாதான் பேசிப் பேசியே கொண்டாந்து சேத்தாரு."

ஆரிஃபா திரும்பினாள். "அந்தக் கேசட்ட ஏத்துனது யாருங்க?"

"நான்தான். நீ கூடலூர்ல அம்மா ஊட்டுல இருந்த. சவுண்ட எடுக்காம ஏத்திட்டேன்னு வந்ததும் வாங்கிக் கட்டிக்கிட்டனே."

"வெறும் வெள்ளைன்னு 'வேண்டாம்'ல போட்டுட்டேன்." அவள் குரல் மாறியது. "ஏங்க, போன வாரம் எடம் பத்தலன்னு 'வேண்டாம்' மொத்தத்தையும் அழிக்கச் சொன்னேனே. அழிச்சீங்களா?"

அவர் தாடியைச் சொறிந்தார். "அது வந்து... மறந்துட்டேன். இப்ப அழிச்சிரட்டுமா?"

"சும்மா இருங்க!"

'வேண்டாம்' என்று தட்டினாள். தொள்ளாயிரத்துப் பத்து துண்டுகள். தேடக் கஷ்டப்படவில்லை. பதினோரு நிமிடத்துக்கு நீண்ட வெள்ளைத் துண்டு அது ஒன்றுதான். ஹெட்போனை எடுக்கப் போனவள், மனம் மாறி ஸ்பீக்கரையே திருகினாள்.

முதலில் தண்ணீர்ச் சத்தம். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு குரல்.

"பயப்படாதீங்க கண்ணு. கரை எங்கயும் ஓடிப்போகாதுங்க, அங்கயேதான் இருக்கும். ஏனுங் மாப்ள, நீங்க எதுக்குங்க என்னைப் புடிக்கறீங்க? புள்ளயப் புடிங்க."

நூர் அகமது வெடித்துச் சிரித்தார். தீபலட்சுமி சிரிக்கவில்லை. திரையில் ஒன்றுமே இல்லை. அதன் அருகே முகத்தைக் கொண்டுபோனாள்.

"எங்கூட்டுல ஒரு புள்ள இருக்குதுங்க, தீபான்னு. மூட்டம் வந்தா முறுக்கு டப்பாவத் தொறந்து வெச்சு, மூட்டத்தப் புடிச்சு மூடிரும். நான் போனதும், 'அப்பா, எத்தன இருக்குது பாரு'ங்கும். நெறைய இருக்குது சாமின்னு சொல்லோணும். அப்புறம் முறுக்கு நமுத்துப்போச்சுன்னு அவங்கம்மாகிட்ட திட்டு வாங்கறது யாருங்க? நானு."

இருமினார். மோட்டார் ஒருமுறை உறுமி நின்றது.

முழுவதும் ஓடி முடிந்தபின் தீபலட்சுமி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சாமின்னுதாங்க்கா கூப்பிடுவாரு. நான் கண்ணுன்னு நெனச்சுட்டிருந்தேன்."

"பென்டிரைவ்ல போட்டுத் தர்றேன். அந்த இருமல வெட்டிரட்டுமா?"

"அய்யோ, வேணாங்க்கா. அது இருக்கட்டும்."

ஆரிஃபா 'வேண்டாம்' என்பதை அழித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் 'நாச்சிமுத்து' என்று எழுதினாள். பிரதி ஏறிக்கொண்டிருந்தபோது தீபலட்சுமி மெதுவாகக் கேட்டாள்: "அந்த முப்பத்தொண்ணயும் இன்னொருக்கா போடறீங்களா?"

"அதுல சவுண்டு இல்லையேம்மா."

"பரவால்லீங்க. போடுங்க."

முதல் துண்டு ஓடியது. குரங்குத் தொப்பிக்குள் வாய் அசைந்தது.

"ஏனுங் மாப்ள, சிரிங்க" என்றாள் தீபலட்சுமி, தொண்டையைச் செருமிக்கொண்டு. அடுத்தது ஓடியது. "இப்ப இருமுவாரு பாருங்க்கா."

இருமினார்.