காது கேட்காத பிளேன்

பிளேனத் தப்பா ஓட்டுறதுக்குன்னே சம்பளம் வாங்குற ஆளு நான். வானத்துல இல்ல, ஈப்போ ஜெலாப்பாங்ல, ஏர்கோன் ரூம்ல. ரேடார் பாத்து பிளேனுக்கு வழி சொல்றவங்களுக்குத் தேர்வு நடக்கும்போது, பக்கத்து ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல பிளேன நகர்த்தி, மைக்ல பைலட் மாதிரி பேசணும். யார் தப்புக்கோ ஏச்சு வாங்குற வேலை பாக்குற உங்களுக்கெல்லாம் என் வயித்தெரிச்சல் புரியும்.

பந்தியில மாட்டுனது

சுங்காய் ஊர்ல ஒரு கல்யாணம். எனக்கு பிளேன் வேலைன்னு யாரோ சொல்லிவிட, பெரியப்பா பந்தியிலேயே பிடிச்சுக்கிட்டாரு. பிளேனும் பொய், பைலட்டும் பொய், பக்கத்துப் பக்கத்து ஓடுபாதையில ரெண்டு பிளேன் ஒரே நேரத்துல எறங்குறப்ப கண்காணிக்கிறவங்கள சோதிக்கிறோம்னு அப்பளம் நமுத்துப் போற வரைக்கும் விளக்குனேன். பொறுமையா தலையாட்டிட்டு மனுஷன் கேட்டாரு: "அதெல்லாம் சரிடா, லங்காவிக்கு ஆறு டிக்கெட் கெடைக்குமா?"

நல்லவன ஏன் தொரத்தணும்?

ரெண்டு பாதைக்கும் நடுவுல திரையில ஒரு சிவப்புப் பட்டை இருக்கும். அதுக்குள்ள எந்தப் பிளேனும் வரக் கூடாது. நான் ஒண்ண வேணும்னே உள்ள விடுவேன். கூப்பிட்டா காது கேக்காத மாதிரி இருக்கணும்னு எனக்கு உத்தரவு. அப்ப அத விட்டுட்டு, ஒழுங்கா வர்ற பக்கத்துப் பிளேன தேர்வுக்கு வந்தவங்க விலக்கி மேல ஏத்திடணும். அதுக்கும் பைலட் நான்தான்.

பத்து காஜா ஊர்லேருந்து தேர்வுக்கு வந்த கலைவாணிக்கு இது எவ்வளவு சொன்னாலும் ஏறல. மூணு வாய்ப்புதான், மூணும் போச்சுன்னா ரேடார் பக்கமே வர முடியாது, மேசை வேலைதான். சின்ன வயசுலேருந்து ஆசைப்பட்டு வந்த பொண்ணு. முதல் தேர்வுல வழி மாறுன பிளேனையே கூப்பிட்டுக் கூப்பிட்டு அதட்டிக்கிட்டிருந்தா, திரையில ரெண்டும் மோதிருச்சு. ஏம்மான்னு பரிசோதகர் கேட்டதுக்கு எகிறுனா: "தப்புப் பண்ணது அவன் சார். ஒழுங்கா வர்றவன நான் ஏன் தொரத்தணும்?"

சளி பிடிச்ச நாள்

பிளேன வழி மாத்துறதுக்கு முன்னாடி நான் மைக்ல தொண்டையச் செருமுவேனாம். எனக்கே தெரியாத இந்த ரகசியத்த எவனோ கலைவாணி காதுல ஓதிட்டான். ரெண்டாவது தேர்வு அன்னைக்குப் பாத்து எனக்கு நெசமாவே சளி. நான் ஒவ்வொரு தடவ செருமும்போதும், நேரா வந்துக்கிட்டிருந்த ஒரு பிளேன விரட்டி விட்டா. கடைசியில எதுவுமே எறங்கல. பரிசோதகர் தலையில அடிச்சுக்கிட்டாரு: "இந்தப் பொண்ணு ரேடாரப் பாக்கல, உன் சளியப் பாக்குது!"

லோரி வந்தது

மூணாவது தேர்வு அன்னைக்குக் காலையில, எதிர்த்த மாமாக் டீக்கடையில தே தாரிக் பொட்டலம் கட்டி வாங்கிக்கிட்டு நானும் கலைவாணியும் வாசல்ல நின்னோம். ஒரு லோரிக்காரன் காதுல பாட்ட மாட்டிக்கிட்டு லோரிய ரிவர்ஸ்ல கோணலா எங்க மேல விட்டான். "ஹோய்!"னு ஒரு தடவ கத்திப் பாத்தா. அவன் நிக்கல. அடுத்த நொடி என் காலரப் பிடிச்சு இழுத்தா பாருங்க, தேத்தண்ணி பூரா என் புதுச் சட்டையில. அலாமாக், வந்துச்சே கோவம்! அவன நிறுத்தாம என்னைய ஏம்மா இழுக்குறன்னு கத்துனேன். மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னா: "அவனுக்குத்தான் கேக்கலையே அண்ணே, உங்களத்தான இழுக்க முடியும்!"

கறையோட ஒரு நாள்

சொன்னது அவளுக்கே அப்பத்தான் உறைச்ச மாதிரி முழிச்சுக்கிட்டு நின்னா. மத்தியானம் பிளேன சிவப்புக்குள்ள விட்டேன். செருமல் வந்தத முழுங்கிட்டேன். ஒரு தடவ கூப்பிட்டா, நான் வாயே திறக்கல. உடனே நல்ல பிளேனுக்கு வந்துச்சு உத்தரவு, திரும்பு, மேல ஏறுன்னு. சந்தோஷத்துல பைலட் குரலே எனக்குத் தழுதழுத்துப் போச்சு.

பாஸ் ஆயிட்டா! கண்ணத் தொடச்சுக்கிட்டே என் ரூமுக்கு ஓடி வந்தா. நன்றி சொல்லப் போறான்னு நான் எழுந்து நின்னா, விரல நீட்டி மெரட்டுறா: "சட்டையக் குடுங்க அண்ணே, தொவைச்சுத் தாரேன். ஆனா காது கேக்காத மாதிரி இருந்தீங்க பாருங்க, அத மட்டும் மன்னிக்கவே மாட்டேன்லா!"

ஒழுங்கா வழியில போறவனத்தான் எப்பவும் விலகச் சொல்வாங்க, தேத்தண்ணியும் அவன் மேலதான் கொட்டும்.