செல்வாம்பாளின் பிரான்ஸ்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் கல்யாண மாலை என்றால் செல்வாம்பாள்தான். அவள் கட்டிய மாலையை மாற்றிக்கொண்டவர்கள் நன்றாக வாழ்வார்கள் என்று பேர். அப்படியொரு கைராசி. முதலியார்பேட்டையிலிருந்து விடிவதற்குள் வந்து உட்கார்ந்தால் உச்சிவெயில் வரை தலை நிமிர மாட்டாள். பக்கத்தில் வாழையிலை விற்கும் எனக்கு அவளோடு தினம் ஒரு சண்டையும் உண்டு, அவள் வாங்கித் தரும் டீயும் உண்டு.

அந்தக் கைராசிக்கு எமனாக வேலூர் பெண்கள் சிறையில் ஒருத்தி இருந்தாள். செல்வாம்பாளின் தங்கை சுலோசனா. திண்டிவனம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். குடித்துவிட்டு வந்து அடித்த புருஷனை உலக்கையால் திருப்பி அடித்தாள். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டான். அப்போது அவள் மாசமாக வேறு இருந்தாள்.

"புருஷனக் கொன்னவளோட அக்கா கட்டுன மாலைய எவ கழுத்துல போட்டுக்குவா?" என்று என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள் செல்வாம்பாள். மற்றவர்களிடம், "தங்கச்சி பிரான்ஸ்ல இருக்கா." புதுச்சேரியில் இதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? தெருவுக்கு நாலு வீட்டில் யாராவது பிரான்ஸுக்குப் போயிருப்பார்கள். சிறைக்குப் போகும்போது திருப்பதி என்று சொல்லிவிட்டுப் போவாள். அங்கே வாசலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பாளாம். வெட்கக்கேடு!

உள்ளேயே பிறந்து வளர்ந்த பிள்ளை அபிக்கு 2007இல் ஆறு வயது முடிந்தது. அதற்கு மேல் அம்மாவோடு வைத்திருக்க விடமாட்டார்கள். செல்வாம்பாள் போய்க் கூட்டிவந்தாள். பஸ்ஸிலேயே பாடம் ஆரம்பித்துவிட்டது.

"நீ இருந்த எடத்துக்குப் பேரு பிரான்ஸ். அம்மா எங்கன்னு யாரு கேட்டாலும் பிரான்ஸ்னு சொல்லணும். என்னா?"

உள்ளே இருப்பவர்கள் அந்த இடத்தை 'உள்ள' என்றுதான் சொல்வார்கள். அதற்கு இப்படி அழகாக ஒரு பேர் இருக்கிறதே என்று பிள்ளைக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் பிள்ளையோடு கடைக்கு வந்தவள் இதை என்னிடம் சொன்னாள். "அடிப்பாவி, பச்சப்புள்ளய ஏமாத்துறியே, நல்லா இருப்பியா?" என்றேன்.

"ஒன் வாய வெச்சிக்கினு சும்மா இரு," என்றாள்.

ஒருநாள் வளையல் கடை கனீஸ் பாத்திமா அல்வாப் பொட்டலங்களோடு வந்தார். பின்னால் புதுச்சட்டையில் மகன் ஹாதி.

"புள்ள வெள்ளிக்கிழம பிரான்ஸ் போறான். எல்லாரும் துவா செய்யுங்க."

கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒரே கேலியும் சிரிப்பும். மாலை வாங்க வந்திருந்த கல்யாண வீட்டாரும் வாழ்த்தினார்கள். அபி மட்டும் சிரிக்கவில்லை. ஆம்பிளைகளைக் கண்டாலே ஒளிந்துகொள்ளும் பிள்ளை, நேராகப் போய் ஹாதியின் விரலைப் பிடித்துக்கொண்டது.

"அண்ணா, ஒங்களுக்கு எத்தினி வருஷம் போட்டாங்க?"

"என்னாது?" என்று சிரித்தான் அவன்.

"எங்கம்மாவுக்கு ஆயுள். பயப்படாதீங்கண்ணா. கதவப் பூட்டிட்டு எல்லாரையும் எண்ணுவாங்க, அப்புறம் பழகிடும். சோறு பத்தலன்னா எங்கம்மாகிட்ட கேளுங்க. அது தட்டுல இருந்து எடுத்துக் குடுக்கும். எனக்கு அப்படித்தான் குடுக்கும்."

சிரிப்பு அடங்கிவிட்டது. கல்யாண வீட்டு அம்மாள் கையிலிருந்த மாலையை மெல்லக் கீழே வைத்தார். செல்வாம்பாள் எழுந்து கையை ஓங்கினாள். நான் பாய்ந்து தடுப்பதற்குள் பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தது.

"பெரியம்மா, நான் பிரான்ஸ்னுதான சொன்னேன்?"

ஓங்கிய கை அவள் முகத்தையே மூடிக்கொண்டது. "சீ, நான்லாம் ஒரு மனுஷியா!" என்றாள். தங்கைக்காக அத்தனை வருஷம் வெட்கப்பட்டவள் அன்றுதான் தன்னை நினைத்து வெட்கப்பட்டாள். அழுகையைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"எந்தங்கச்சி பிரான்ஸ்ல இல்ல. வேலூர் ஜெயில்ல இருக்கா."

கல்யாண வீட்டார் போய்விட்டார்கள். அவள் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அபிதான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது.

"அம்மாவ அங்க மாத்திட்டாங்களா பெரியம்மா? எங்கிட்ட சொல்லவே இல்லியே."