ஊர் மரத்தில் ஒரு வளையம்

ரஷ்யாவில் வீட்டு பால்கனியையே பட்டறையாக்கிக்கொண்டு, புகையிலை பைப்புகளைக் கையால் செதுக்கும் ஒருவர் எனக்கு இணையத்தில் பழக்கம். ஒரு பைப்புக்கு மூன்று மாதம் எடுத்துக்கொள்வார். வாயில் வைக்கும் முனையை மட்டும் நாள்கணக்கில் அரத்தால் தேய்ப்பார். பல்லுக்கு நடுவில் அது இருப்பதே தெரியக்கூடாது என்பார். வாங்குகிறவரின் ஊர் மரத்தில் மெல்லிய வளையம் கடைந்து பைப்பின் கழுத்தில் பூட்டுவது அவர் வழக்கம். நான் ஒரு பைப் கேட்டதும் என்னிடமும் கட்டைவிரல் அளவு மரத்துண்டு கேட்டு எழுதினார்.

சித்தூர்க்காரனுக்குப் புத்தி எங்கே போகும்? செம்மரத்துக்குத்தான். மனைவிக்குச் சீராக வந்த செம்மர மரப்பாச்சி பொம்மையின் பீடம் உடைந்து கிடந்தது. அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்.

"வேற மரமே கிடைக்கலியா உனுக்கு? புடிச்சிக்கினு போயிட்டா நான் எங்க போய் நிப்பேன்?" என்றாள் மனைவி.

"தம்மாத்துண்டு கட்டை. இத்த எவன் பாக்கப் போறான்?" என்றேன். வீட்டுக்குள் நான் பெரிய வீரன்.

பார்சல் அனுப்பத் திருப்பதிக்குப் பேருந்து ஏறினேன். முன் இருக்கையில் தோளில் துண்டோடு இரண்டு நடுவயதுக்காரர்கள். மேஸ்திரியைப் பற்றியும் கூலியைப் பற்றியும் தமிழில் பேசிக்கொண்டே வந்தார்கள். சந்திரகிரி தாண்டியதும் வண்டியை நிறுத்தி இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள்.

தமிழ் பேசினாலே காட்டில் செம்மரம் வெட்ட வந்தவன் என்று சந்தேகப்படுகிற பக்கம் இது. நானும் தமிழன்தான், என் சட்டைப்பையில்தான் மரமே இருக்கிறது. வேலை, வீடு, மனைவி எல்லாம் போய்விடும் என்று பயந்தேன். அந்தக் கட்டையை எடுத்து வாயில் போட்டுக் கடித்துக்கொண்டேன்.

"எக்கடிகி போத்துன்னாரு?" என்று முன்னால் இருந்தவர்களிடம் எங்கே போகிறார்கள் எனத் தெலுங்கில் கேட்டார் ஒரு போலீஸ்காரர்.

"கட்டட வேலைக்கு சார். மேஸ்திரி வரச் சொல்லிக்கிறாரு."

பையைக் கொட்டிப் பார்த்தார்கள். கொத்துக்கரண்டி, தூக்குக்குண்டு, இரண்டு லுங்கி. ஆனாலும் கீழே இறக்கினார்கள்.

அடுத்து என்னிடம் வந்தார். உப்பிய கன்னத்தையும் மரச்சாயம் ஊறி உதட்டில் கசிந்த சிவப்பு எச்சிலையும் பார்த்தார். வெற்றிலை என்று நினைத்திருப்பார், முகத்தைச் சுளித்துவிட்டு நகர்ந்தார்.

அவர்கள் கொத்தனார்கள் என்று எனக்குத் தெரியும். வழியெல்லாம் அவர்கள் பேச்சைக் கேட்டிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு வாயைத் திறக்க வேண்டுமே. வண்டி கிளம்பியபோது அவர்களில் மூத்தவர் சாலையோரம் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

திருப்பதியில் இறங்கியதும் கட்டையைச் சாக்கடையில் துப்பினேன். ரஷ்யருக்குப் புளியமரத் துண்டுதான் போயிற்று.

மூன்று மாதம் கழித்து பைப் வந்தது. வளையம் அத்தனை நேர்த்தி. வாயில் வைத்துப் பல்லால் கவ்வினேன். தெரியவே கூடாது என்று அவர் அவ்வளவு தேய்த்திருந்த முனை எனக்கு அந்தச் செம்மரக் கட்டையாகவே தெரிந்தது. எடுத்துப் பெட்டியில் வைத்தவன் அப்புறம் தொடவில்லை.

அந்த இரண்டு பேரை விட்டார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.