பெயர் தெரியாதவர்களுக்கு முன்னால் ஒரு செருப்புக் குவியல்

என் அக்கா தாட்சாயினி படச் சட்டம் வாங்கப் போய் யுத்தம் வாங்கி வந்தவள். இப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். வரட்டும். மெல்பனின் நோபல் பார்க்கில் இருபது வருடமாக அவளுக்கு அடுத்த தெருவில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்தவள் நான். எனக்கில்லாத உரிமை வேறு யாருக்கு?

அவளும் அத்தான் விக்னராஜாவும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பிள்ளையார் படத்துக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. புதிது வாங்க வசதி இல்லை. பக்கத்து ஊர் டண்டினொங்கில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில் கனமான மரச் சட்டம் ஒன்றைக் கண்டுபிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் அதன் பின்பலகையைக் கழற்றினால் உள்ளே ஒரு பழைய பத்திரிகைத் தாள். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஊரைவிட்டு ஓடும் சனங்களை மரத்தில் செதுக்கி அச்சடித்த படம். மாட்டு வண்டி, மூட்டை முடிச்சு, பிள்ளைகள். வண்டிக்குப் பின்னால் ஒருத்தி தலையில் ஒரு கதிரையை நாலு காலும் மேலே தெரியக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நடக்கிறாள்.

"இஞ்ச பாரடி ரஞ்சினி, உயிர் தப்பி ஓடேக்கை கதிரையைத் தூக்கிக்கொண்டு போறா" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அப்படியே அழுதாள். நானும் அழுதேன். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே பெயர்ந்து நடந்தபோது எங்கள் அம்மா தூக்கிக்கொண்டு வந்தது இடியப்பம் பிழியும் உரலை. ஐயாவின், எங்கள் அப்பாவின், படம் சுவரிலேயே நின்றுவிட்டது. அந்த உரல் இன்றும் அக்காவின் குசினியில் இருக்கிறது. ஐயாவின் முகம் எங்கள் இருவரிடமும் இல்லை.

பிள்ளையாருக்கு வேறு சட்டம் வந்தது. கதிரைக்காரி போகவில்லை. அவளுக்குத் துணையாக இன்னும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பேக்கரித் தொழிற்சாலையில் அதிகாலை வேலை முடித்து வந்து, பழைய கடைகளிலும் ஞாயிற்றுச் சந்தைகளிலும் கிண்டிக் கிண்டி அக்கா சேர்த்தாள். அமெரிக்கப் போர், ஸ்பானியப் போர், பாரிஸில் சொந்த ஊராரே சொந்த ஊராரைச் சுட்ட போர். எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டு, எல்லாம் ஒரே நாட்டுக்காரர் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட கதை. ஆனால் அக்காவின் படங்களில் சுடுகிற துவக்கு இருக்காது, தளபதி இருக்க மாட்டார். தண்ணீர் அள்ளுகிறவர்கள், உடுப்புத் தோய்க்கிறவர்கள், கூடாரத்து அடுப்படியில் புகைக்குக் கண்ணைச் சுருக்குகிறவர்கள். அப்புறம் முகங்கள். தகரத்தில் பிடித்த சின்னச் சின்னப் புகைப்படங்கள். போருக்குப் போகுமுன் வீட்டில் விட்டுப்போக எடுத்தவை. அசைந்தால் படம் கலங்கிவிடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கும் பெடியன்கள், பெண்சாதி பக்கத்தில் நிற்கப் படை உடுப்பும் தாடியுமாக இருக்கும் மனிதர்கள். ஒருவருக்கும் பெயர் தெரியாது. பெயர் தெரியாத படத்தைச் சேகரிப்பாளர்கள் சீண்ட மாட்டார்கள். அதனால்தான் அவை அக்காவின் கைக்கு எட்டின.

"ஆரெண்டே தெரியாத ஆக்களை ஏன் அக்கா வாங்கி அடுக்கிறாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கட ஐயாவின்ர படத்தையும் ஆரோ ஒருத்தர் எடுத்து வச்சிருப்பினம். குப்பையில போட்டிருக்க மாட்டினம். நான் இதுகளைப் போட்டால், அவையும் போட்டிடுவினம் எண்டு ஒரு பயம்" என்றாள்.

அத்தானுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. யுத்தப் படம் இருக்கிற வீட்டில் சண்டை வரும் என்பது அவர் கட்சி. உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் படம் வருவதற்கு முன்பும் சண்டைக்குப் பஞ்சமில்லை. கறிக்கு உப்புக் கூடினால் சண்டை, குறைந்தால் சண்டை. ஆனால் அவர் சொன்னபடி படங்கள் ஹோலுக்குள் வரவில்லை. சின்ன அறைக்குள் அடைந்து கிடந்தன. போன வருடம் அத்தான் பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்த அறைமேலும் கண் வைத்தார். அவருக்குக் கரம் போர்ட் போட இடம் வேண்டுமாம். படங்கள் கராஜுக்குப் போகட்டுமாம்.

மெல்பன் மழைக்கு அந்த கராஜின் சுவர் வேர்க்கும். அங்கே வைத்த என் கலியாண அல்பமே பூஞ்சணம் பிடித்துப் போனது. ஒரு குளிர்காலம் போதும், அக்காவின் தாள்கள் எல்லாம் கூழாகிவிடும். இருவரும் ஒரு கிழமை பேசாமல் இருந்தார்கள். பிறகு அத்தானே ஒரு பந்தயம் கட்டினார்.

"இஞ்சேரும், உம்மட படங்களை ஒருக்கா வெளியில வையும். அதைப் பாக்க ஒரு கியூ நிண்டால், நானே ஹோலில ஆணி அடிச்சு மாட்டி விடுறன். நிக்காட்டி எல்லாம் கராஜ். சரியோ?"

"சரி" என்றாள் அக்கா.

வெளியில் வைப்பதற்கு இருந்தது ஓர் இடம்தான்: போர்க்காலப் பழம்பொருள் சேகரிப்பவர்களின் சங்கம் வருடத்துக்கொருமுறை நடத்தும் கண்காட்சி. அவர்கள் அக்காவை முன்பே இரண்டு தடவை மறுத்தவர்கள். பெயரில்லாத முகங்களுக்கு வரலாற்று மதிப்பு இல்லை என்று சங்கத் தலைவர் மிக மரியாதையாகச் சொன்னார். குப்பை என்பதை மரியாதையாகச் சொன்னால் அது வேறு சொல்லாகிவிடுமா? இந்த முறை யாரோ கடைசி நேரத்தில் விலகியதால் ஒரு சுவர் கிடைத்தது. மண்டபத்தின் கடைக்கோடியில், கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில்.

சனிக்கிழமை காலை நானும் அக்காவும் படங்களை மாட்டினோம். நடுவில் கதிரைக்காரி, அவளைச் சுற்றி முகங்கள். ஒவ்வொன்றின் கீழும் "பெயர் தெரியவில்லை" என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டினாள். அந்த மூலை இருட்டாக இருந்ததால் வீட்டிலிருந்து கொண்டுவந்த பற்றரி விளக்குகளைச் சட்டங்களுக்குக் கீழே வரிசையாக வைத்தாள்.

மண்டபத்தின் முன்பக்கம் திருவிழா. வாள், துவக்கு, பித்தளைப் பொத்தான். அமெரிக்கப் போர்வீரர் போல நீலச் சட்டையும் முழங்கால்வரை சப்பாத்தும் போட்ட வெள்ளைக்காரர்கள் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் வந்தவர்கள் எல்லாரும் கழிவறைக்கு வந்தவர்கள். போகும்போது அவசரத்தில் போனார்கள், வரும்போது கையை உதறிக்கொண்டு போனார்கள். அக்கா தொழிற்சாலைக்குப் போடும் சப்பாத்தோடு நிமிர்ந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் விதி அத்தானின் ரூபத்தில் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவர் முதியோர் சங்கத்தின் சிற்றுந்தை ஓட்டுகிறார். அன்று கோயில் பூசை முடிந்து சங்கத்து வயதான பெண்களை, எங்கள் அன்ரிமாரை, சந்தைக்கு ஏற்றிப் போகும் வழியில் நல்ல மழை. அன்ரிமாருக்குக் கழிவறைக்குப் போக வேண்டும். வழியில் இருந்த மண்டபம் இதுதான். தன் வெற்றியையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடலாம் என்று நினைத்திருப்பார்.

முன்னால் வந்தவர் மனோன்மணி அன்ரி. வயது எண்பதைத் தாண்டியும் குரல் மட்டும் இறங்காதவர். கழிவறைக் கதவில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். சுவரில் சட்டம் போட்ட பழைய முகங்கள், கீழே வரிசையாக விளக்கு. எங்கள் வீடுகளில் அப்படி மாட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

தாடிக்காரர் ஒருவரின் படத்துக்குக் கிட்டப் போய், "பிள்ளை, இது ஆரின்ர அப்பா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"தெரியாது அன்ரி" என்றாள் அக்கா. அந்தப் படத்தின் சட்டத்தை நேராக்கிவிட்டு, "ஆரோ ஒருத்தற்ற அப்பாதான்" என்றாள்.

"அப்ப செருப்போட நிக்கேலாது" என்றார் மனோன்மணி அன்ரி. கழற்றினார். பின்னால் வந்த அன்ரிமாரையும் திரும்பிப் பார்த்து, "கழட்டுங்கோ எல்லாரும்" என்று அதட்டினார். ஈரச் செருப்புகள் தரையில் குவிந்தன. அன்ரி கைப்பையைத் திறந்து, கோயிலில் கொடுத்த செவ்வந்திப் பூவைக் கடதாசியிலிருந்து எடுத்துத் தாடிக்காரரின் கீழே வைத்தார்.

நானாக இருந்தால், இது அஞ்சலிக் கூட்டமில்லை அன்ரி, கண்காட்சி என்று விளங்கப்படுத்தியிருப்பேன். அக்காவோ குனிந்து தன் சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள். வெறுங்காலோடு அன்ரிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

மண்டபத்துக்குள் செருப்புக் குவியலைக் கண்டால் யாருக்குத்தான் என்னவென்று பார்க்கத் தோன்றாது? முதலில் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். அன்ரிமாரைப் பார்த்துவிட்டு அவர்களும் கழற்றினார்கள். பிறகு ஒரு தம்பதி. பிறகு பீரங்கிப் பக்கமிருந்து ஆட்கள் நகரத் தொடங்கினார்கள். அக்கா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனாள்: அந்தக் காலத்தில் புகைப்படத்தைப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது, அதனால் மரக்கட்டையில் செதுக்கினார்கள், பெரிய படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பலபேர் செதுக்கி, பிறகு பொருத்தினார்கள், இதோ, கதிரைக்காரியின் தலைக்கு மேல் மெல்லிய வெள்ளைக் கோடு, ஒருவன் செதுக்கிய வானமும் இன்னொருவன் செதுக்கிய வானமும் சேரும் இடம். கிட்டப் போய்ப் பார்க்க எல்லாருக்கும் ஆசை. இடமோ ஒடுக்கம். ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். வரிசை வளைந்து தேநீர் மேசையைத் தாண்டியது. வரிசையில் சங்கத் தலைவரும் காலுறையோடு நின்றார். ஒரு காலுறையில் ஓட்டை. கடவுளே, அதைப் பார்க்க எனக்குக் கிடைத்த சந்தோஷம்!

நீலச் சட்டைக்காரர் ஒருவர் தன் முறை வந்ததும் கதிரையில் அமர்ந்து நீளச் சப்பாத்தோடு மல்லுக்கட்டினார். அது கழலவில்லை. வரிசையில் இல்லாமல் பக்கத்தில் சும்மா நின்ற ஒரே ஆம்பிளை அத்தான். என்ன செய்வார் பாவம், குனிந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். சப்பாத்து சட்டென்று கழன்றது. அத்தான் சப்பாத்தும் கையுமாகத் தரையில் குந்தினார். நீலச் சட்டைக்காரர் நன்றி சொல்லிவிட்டுத் தாடிக்காரரின் முன் போனார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தார். இத்தனை வருடமாக இந்த உடுப்பைப் போடுகிறேன், இதைப் போட்டிருந்த ஒரு மனிதனின் முகத்தை இன்றுதான் பார்க்கிறேன் என்று அக்காவிடம் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது.

அத்தான் இருந்த இடத்திலிருந்தே வரிசையைப் பார்த்தார். அதன் முடிவு அவருக்குத் தெரியவில்லை. கழுத்தை நீட்டிப் பார்த்தார், அப்போதும் தெரியவில்லை.

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, வீட்டில சுத்தியல் கிடக்கோ, போகேக்கை வாங்கவேணுமோ?" என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது. அன்ரிமாருக்குச் சந்தையும் போய்விட்டது, ஒருவரும் கவலைப்படவில்லை.

அத்தான் சொல் தவறாத மனிதர், அதை மறைக்கக் கூடாது. அடுத்த நாளே மட்டம் பார்த்து, பென்சிலால் புள்ளி வைத்து, ஹோலில் ஆணி அடித்தார். வாசலுக்கு நேரே கதிரைக்காரி, அவளுக்குப் பக்கத்தில் தாடிக்காரர். கரம் போர்ட்தான் இப்போது கராஜில் இருக்கிறது.

போன கிழமை அத்தானின் பழைய பஸ் சிநேகிதர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தாடிக்காரரின் படத்துக்கு முன்னால் நின்று, "விக்னராஜா அண்ணை, இது ஆர்?" என்று கேட்டார். அக்கா குசினிக்குள் உரலில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். கை நின்றது. காது இங்கேதான் இருந்தது.

"ஆரெண்டு தெரியாது" என்றார் அத்தான். "எங்கட வீட்டு ஆள்தான்."

உள்ளே உரல் திரும்பவும் கிறீச்சிட்டது.