உலைக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று எந்த இயந்திரமும் ஓடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மிக்ஸி, அப்பாவின் டிரில்லிங் மிஷின், என் சைக்கிள் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வெடுக்கும். சித்தி வேலை பார்த்த மைசூர் ஆய்வுக்கூடத்திலும் அதே கதைதான். பொட்டு வைக்க எட்டு வயதான என்னைக் குங்குமக் கிண்ணத்தோடு கூட்டிப்போனார்.

குருணை போன்ற பீங்கான் மணிகளில் பிளாட்டினம் ஏற்றுவது சித்தியின் வேலை. பிளாட்டினம் கரைந்த மஞ்சள் நீரில் மணிகளை ஊறவைத்து, காயவைத்து, மின்சார உலையில் சூடாக்குவார். சரியாக வந்தால், ஸ்பிரிட்டின் ஆவி பட்டதுமே அவை நெருப்பில்லாமல் தானாகக் கனலும். ஒருமுறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி எனக்குக் காட்டினார். இருட்டில் ஒவ்வொன்றாகச் சிவந்த மணிகள் என்னையே பார்த்தன. அவற்றுக்கு உயிர் உண்டென்று அன்றிலிருந்து நம்பினேன்.

பூஜையன்று உலைக்குள் இருந்தவை கடைசி மணிகள். அந்த வருடத்துக்குத் தந்த பிளாட்டினம் அதோடு தீர்ந்தது. அவை கனன்றால்தான் சித்தியின் வேலையை நீட்டிப்பதாக ஆய்வுக்கூடத் தலைவரான பெரிய சார் சொல்லியிருந்தார். அதனால் உலையை மட்டும் நிறுத்தாமல் விட்டிருந்தார்கள்.

“கதவ மட்டும் தொறந்துறாத கண்ணு. மெல்ல மெல்லத்தான் சூடேறோணும்,” என்று சொல்லிவிட்டுச் சித்தி பொரி வாங்கக் கீழே போனார்.

எல்லாம் அடங்கிக் கிடந்த அறையில் உலை மட்டும் முனகிக்கொண்டிருந்தது. ஓய்வு கொடுக்காவிட்டால் சாமி கோபித்து மணிகளின் உயிரை எடுத்துவிடும் என்று எனக்கு நடுக்கம். கதவைத் திறக்கவில்லை, நான் சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை. உலைக்குப் பொட்டு வைத்த குங்கும விரலால் சுவிட்சை மட்டும் அணைத்தேன். முனகல் நின்றதும் அறை இன்னும் பயங்கரமாகிவிட்டது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று தோன்ற, மறுபடி போட்டேன். இப்போது வந்தது பழைய முனகல் இல்லை, உறுமல். உலையின் எண்கள் விடுவிடுவென ஏறின. மெல்லச் சூடேறச் சித்தி வைத்திருந்த கணக்கு, அணைத்ததுமே அழிந்துபோனது எனக்குத் தெரியாது. வீட்டுக்குக் கிளம்பலாமென்று படியிலிருந்தே சித்தி கூப்பிட, ஓடிவிட்டேன்.

ஆய்வுக்கூட விடுமுறை முடிந்ததும் பெரிய சார் முன்னிலையில் ஜன்னலை மூடினார்கள். பள்ளியில் இன்னும் தசரா லீவில் இருந்த நானும் சித்தியை ஒட்டி நின்றேன். பழைய மணிகள் ஒரு கிண்ணத்தில், புதியவை இன்னொன்றில். பழையவை சிவந்து விழித்தன. புதியவை, எத்தனை முறை ஆவி பட்டும், இருட்டோடு இருட்டாகவே கிடந்தன. அதே மணி, அதே பிளாட்டினம். கொன்றது நான்தான் என்று எனக்குத் தெரிந்தது.

பொடிப்பொடியாகப் பரவியிருக்க வேண்டிய உலோகம், அவசரச் சூட்டில் கட்டிகட்டியாகத் திரண்டுவிட்டது என்றார் சார். சூட்டை ஏற்றியது யார் என்றும் கேட்டார். சித்தி துணியை விலக்கிவிட்டு உலையருகே போனார். சுவிட்சையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துப்பட்டா முனையால் அதை அழுத்தித் துடைத்துவிட்டு, தானே அவசரப்பட்டதாகக் கன்னடத்தில் சொன்னார்.

அந்த மாதமே வேலை போய், சித்தி சொந்த ஊரான கொள்ளேகாலுக்குத் திரும்பினார். பஸ் ஏற்றிவிடப் போனபோது துப்பட்டா முனையில் என் விரல் அளவுக்கு ஒரு சிவப்புக் கறை. இருட்டினால் அதுவும் கனலுமோ என்று பயந்து தள்ளி நின்றேன். பூஜைக்கு வைத்த குங்குமத்தைப் போய்த் துடைக்கலாமா என்று சித்தி மேல் கோபமாகவும் இருந்தது.